நீலச் சட்டைக்காரர் எங்கிருந்தாலும் வரவும்

ஆரணியில் லீலா அக்காவின் முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், குடிநீர் வராத நாள், காணாமல் போன கறவை மாடு என்று எதுவானாலும் ஆட்டோ மேல் கட்டிய ஒலிபெருக்கி வழியாக ஊருக்குச் சொல்வது அவர்தான். இருபத்தைந்து வருஷமாக அந்தக் குரல் ஒரு பக்கம் வந்தவாசி, இன்னொரு பக்கம் சந்தவாசல் வரைக்கும் போய்த் திரும்புகிறது.

நான் பெரணமல்லூர்க்காரி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, லீலா என்பவர் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பேசுகிறார் என்று நம்பி அதன் பின்னாலேயே ஏரிக்கரை வரைக்கும் ஓடியிருக்கிறேன். உள்ளே டிரைவர் மட்டும் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஏமாந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. என் பெயர் அன்புச்செல்வி, தொழில் வக்கீல். பெயருக்கும் குணத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று ஆரணி கோர்ட்டில் பேசிக்கொள்வார்கள். என் காதுபடவே பேசுவார்கள்.

லீலா அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. கணவர் கந்தசாமி ஆரணி கொசப்பாளையத்தில் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். தறிச் சத்தத்தில் வீட்டில் எதையும் பதிவு செய்ய முடியாது என்பதால், துரை என்பவரின் விளம்பர அறைக்குத்தான் அக்கா போவார். சுவர் நெடுகப் பட்டுப்புடவை அட்டைப் பெட்டிகளை ஒட்டி வெளிச்சத்தம் வராமல் துரை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். அங்கே உட்கார்ந்து தாளைப் பார்த்து ஒரே மூச்சில் படித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஊரில் உள்ள அத்தனை பேர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொன்ன இந்த அக்கா, ஒரே ஒரு பெயரை மட்டும் வாழ்நாளில் சொன்னதில்லை. புருஷன் பெயர். அவர் வீட்டில் அப்படித்தான் பழக்கம். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பேங்க் எங்கே கேட்டாலும் ஆதார் அட்டையை நீட்டுவார். அட்டை கையில் இல்லையென்றால் சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர் இருக்கிறதா என்று தேடுவார். ஆரணி குமாஸ்தாக்களுக்கு இது பழகிவிட்டது. "சுப்பிரமணியா, வேலுவா, ஆறுமுகமா, கந்தசாமியா?" என்று வரிசையாகக் கேட்பார்கள். நாலாவதில் அக்கா தலையை ஆட்டுவார்.

ஒரு வருஷம் படவேடு அம்மன் கோயில் ஆடி வெள்ளிக் கூட்டத்தில் மைக் செட் அக்கா கையில். வீட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கந்தசாமி எங்கேயோ போய்விட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நிமிஷ வேலை. அக்கா மைக்கைப் பிடித்து, "நீலச் சட்டை அணிந்த, இடது புருவத்தில் தழும்பு உள்ள, ஆரணியைச் சேர்ந்த நபர் எங்கிருந்தாலும் உடனே மைக் செட்டுக்கு வரவும்" என்றார். அரைமணி நேரத்தில் பதினோரு நீலச் சட்டைகள் வந்து நின்றன. கந்தசாமி வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, "யாரையோ தேடிகினு கீறாங்க, பாவம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெயர்தான் பிறகு வழக்காகி என் மேஜைக்கு வந்தது.

போன வருஷம் ஆவணியில் இந்தப் பக்கத்து ஊர்களில் பலருக்கு போன் வந்தது. "வணக்கம். உங்கள் ஆரணி லீலா பேசுகிறேன். நம் ஊர்ப் பட்டுக்கடைகள் சேர்ந்து நடத்திய குலுக்கலில் உங்களுக்கு ஒரு முகூர்த்தப் பட்டு விழுந்திருக்கிறது. உங்கள் போனுக்கு வந்துள்ள ஆறு எண்களைச் சொல்லுங்கள்." சொன்னவர்களின் பேங்க் கணக்கு அடுத்த நிமிஷம் துடைத்துவிடப்பட்டது. மொத்தம் நாற்பத்தொரு பேர்.

அதில் ஒருவர் சந்தவாசல் சின்னபொண்ணு. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். மகள் இனியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதனால் முகூர்த்தப் பட்டு என்றதும் காது நிமிர்ந்துவிட்டது. ஆனாலும் அவர் லேசில் ஏமாறுகிறவர் இல்லை.

"எந்த லீலான்னு கேட்டேம்மா," என்று பின்னால் என்னிடம் சொன்னார். "கொசப்பாளையம் லீலான்னுச்சு. புருஷன் பேரு இன்னான்னேன். அதையும் டக்குனு சொல்லிச்சு. இவ்ளோ சொல்றவங்கள எப்பிடிம்மா சந்தேகப்படறது?"

"என்ன பேர் சொல்லிச்சு?"

"அது எனுக்கு எங்க ஞாபகம் கீது. போன்ல பதிவாயி கீது, அத்த போலீஸ் வாங்கிகினாங்க."

சின்னபொண்ணு தன் புருஷனை நடுரோட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். கோபம் வந்தால் அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துக்கொள்வார். ஒரு பெண் கணவன் பெயரைச் சொன்னதில் அவருக்கு விசேஷமாக எதுவும் படவில்லை. எனக்குப் பட்டது.

அதற்கு முன்பே நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது. ஏமாந்தவர்கள் கொசப்பாளையம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து நின்றார்கள். அக்கா எல்லோருக்கும் முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "நான் இல்லீங்க. எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். வாயைத் திறந்ததுதான் தப்பாகிவிட்டது. "இதே குரல்தான்" என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. அவர் மறுக்க மறுக்க அவர்களுக்கு உறுதியானது. தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும் நிலைமை ஒரு மனுஷிக்கு வரலாமா?

கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். "உங்க குரல் வந்தா ஜனங்க போன அணைச்சி வெச்சிடறாங்க" என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னாராம். அக்கா பேசுவதையே விட்டுவிட்டார். காய்கறிக் கடையில் கத்தரிக்காயைக் கையால் காட்டி வாங்கினார். இருபத்தைந்து வருஷம் ஊருக்கே சேதி சொன்ன வாய் அது.

அப்புறம் சைபர் கிரைம் போலீசிடமிருந்து நோட்டீஸ். கந்தசாமிதான் அதை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கூட வந்த அக்கா மூலையில் உட்கார்ந்து என் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ பேசி மாசமாவுதும்மா," என்றார் கந்தசாமி. "தறி நின்னா கூட எனுக்கு இவ்ளோ பேஜாரா இருக்காது."

நான் இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். அவசரக்காரர்.

"மேடம், குரல் அவங்களுது. அவங்களே ஒத்துக்கினாங்க."

"என்னன்னு ஒத்துக்கினாங்க?"

"முதல் வரிய போட்டுக் காட்டினோம். 'என் குரலாட்டமே கீதுங்க'ன்னாங்க."

"அது ஒப்புதல் வாக்குமூலமா சார்? அது ஆச்சரியம். அப்பிடியே ஒப்புதலா இருந்தாலும் உங்ககிட்ட சொன்னது கோர்ட்டுல நிக்காது."

அவர் சிரித்துவிட்டு எனக்கு டீ சொன்னார். செயற்கை நுண்ணறிவை வைத்து ஒருவர் குரலை அச்சு அசலாகச் செய்துவிடலாம் என்பது அவருக்கும் தெரியும். "செய்யலாம் மேடம். செஞ்சாங்கன்னு யார் சொல்றது? சும்மா இருந்த ஏ.ஐ. மேல பழி போட்டுட்டு தப்பிக்கிறவங்களும் இப்ப வந்துட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்த வாரம்தான் வேலூரில் வக்கீல்களுக்கு ஒருநாள் கருத்தரங்கு. தலைப்பு செயற்கை நுண்ணறிவும் குற்றவியலும். சாப்பாடு பரவாயில்லை. ஒரு நிபுணர் மேடையேறி, பாதிக்கப்படுகிறவர்கள் பேராசையால்தான் வலையில் விழுகிறார்கள் என்று படம் போட்டு விளக்கினார். நான் எழுந்து கேட்டேன்: "இருபத்தைந்து வருஷமாக ஒரு குரல் சொன்னபடியே தண்ணீர் நின்றது, சொன்னபடியே முகாம் நடந்தது, சொன்ன இடத்தில் மாடு கிடைத்தது. அந்தக் குரல் பட்டு விழுந்திருக்கிறது என்றால் நம்புவது பேராசையா?" திருடர்கள் முதலில் திருடியது லீலாவின் நம்பகத்தன்மையைத்தான், பணம் அதற்குப் பிறகு என்றும் சொன்னேன். நேரமில்லை, உட்காருங்கள் என்றார்கள். வெற்றிலை பீடாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து மாஜிஸ்திரேட் உத்தரவு: லீலா குரல் மாதிரி கொடுக்க வேண்டும். புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நான் எதிர்க்கவே இல்லை. உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போனில் பேசிய வாசகங்களைத்தான் அப்படியே படிக்கச் சொல்வார்கள். அதில் கணவர் பெயர் வரும். அக்கா அந்த இடத்தில் நிற்பார், திணறுவார், உயிரே போனாலும் சொல்ல மாட்டார். அப்போது நான் எழுந்து, "பாருங்கள், இந்த அம்மாவால் சொல்லவே முடியாத பெயரை அந்தக் குரல் சரளமாகச் சொல்லியிருக்கிறது" என்று முழங்குவேன். முழக்கத்தை வீட்டுக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்தேன். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் நடிப்பாகிவிடும்.

கோர்ட்டில் ஒரு சின்ன அறை. தடயவியல் துறையிலிருந்து வந்தவர் கருவியை வைத்தார். இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார். தாளைக் கையில் வாங்கியதும் அக்காவுக்கு முதுகு நிமிர்ந்தது. மாசக் கணக்கில் சரியாகப் பேசாதவர், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "வணக்கம். உங்கள் ஆரணி லீலா பேசுகிறேன்." வெளியே வராந்தாவில் நடந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எனக்கே ஆட்டோ பின்னால் ஓடிய ஞாபகம் வந்தது. குலுக்கல் போயிற்று, முகூர்த்தப் பட்டு போயிற்று, ஆறு எண்கள் போயின. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"நான் கொசப்பாளையம் லீலா. என் கணவர் பெயர் முருகன்," என்று தங்குதடையில்லாமல் படித்து முடித்து, தாளை மடித்துக் கொடுத்தார்.

என் முழக்கம் வீணாகிவிட்டது. வெளியே வந்ததும் கடிந்துகொண்டேன்.

"என்னக்கா நீங்க? புருஷன் பேர சொல்லவே மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. அங்க போயி டக்குனு சொல்லிட்டீங்க?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அது அவரு பேரு இல்லீங்களே வக்கீலம்மா. யாரு பேரோ. படிச்சா இன்னா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வக்காலத்தில் கந்தசாமி என்று நானே எழுதியிருக்கிறேன். முழக்கத்தின் மயக்கத்தில் காது வேலை செய்யவில்லை.

"அப்ப முருகன்னு அவனுங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"நான் யாருக்கும் சொல்லலீங்க." கொஞ்சம் யோசித்தார். "துரை ரூமுக்கு ஒரு புள்ள வந்துச்சி, மெட்ராஸ்லேர்ந்து. போன்ல வழி சொல்ற ஆப்புக்கு தமிழ்ல குரல் வேணும்னு சொல்லி மூணு மணி நேரம் படிக்க வெச்சிச்சி. ஃபாரத்துல புருஷன் பேரு கேட்டுச்சி. அன்னிக்கி ஆதார் எடுத்துகினு போவல. காலண்டர காட்டினேன்."

"அவரு முருகன்னு எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு. நானும் பாத்தேன். செரி, அவரும் சாமி, இவரும் சாமி பேரு, போவுதுன்னு உட்டுட்டேன்."

ஆரணிக்காரனாக இருந்தால் வரிசையாகக் கேட்டிருப்பான். அந்தச் சென்னைப் பையன், பெயர் கோகுல்ராஜ் என்று பிறகு தெரிந்தது, காலண்டரில் இருந்த சாமியை அப்படியே இறக்கிவிட்டான். உலகத்தில் லீலாவின் புருஷன் முருகன் என்று எழுதிய காகிதம் அது ஒன்றுதான். திருடர்களுக்குக் குரலோடு சேர்ந்து அந்தக் காகிதமும் போயிருக்கிறது. யாராவது கேள்வி கேட்டால், அதில் இருந்த விவரத்தை இயந்திரம் அக்கா குரலிலேயே எடுத்துச் சொல்லியிருக்கிறது.

வராந்தாவிலிருந்து அப்படியே இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். கேட்டு முடித்ததும் தன் நெற்றியில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டார். அவசரக்காரர் என்பது அப்போது நல்லதாகப் போயிற்று. இரண்டே வாரத்தில் கோகுல்ராஜைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார். அவன் கணினியில் முன்னூற்றுச் சொச்சம் பேரின் குரல், ஆளுக்கொரு படிவம். அவற்றை மொத்தமாக விற்றிருக்கிறான். யாரிடம் என்று அவனுக்கே தெரியாதாம், முகம் பார்க்காத வியாபாரம். வாங்கியவர்களை இன்றுவரை பிடிக்கவில்லை. ஏமாந்ததும் உடனே 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு அடித்துச் சொன்னவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பணம் திரும்பியது. சின்னபொண்ணு அவர்களில் ஒருவர்.

தடயவியல் அறிக்கை வந்தபோது, போனில் பேசியதும் லீலா படித்ததும் ஒருவருடைய குரலாகவே இருக்கக்கூடும் என்று இருந்தது. அந்தக் கருவியும் ஆரணி ஜனங்கள் மாதிரிதான் கேட்டிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு கோகுல்ராஜ் பக்கம் ஒரு பெரிய வக்கீல் வந்தார். லீலா இப்போது சந்தேகப் பட்டியலிலிருந்து சாட்சிப் பட்டியலுக்கு மாறியிருந்தார். ஆனால் அந்த வக்கீல் விட்டுவைக்கத் தயாராக இல்லை. லீலா கூட்டாளி, போனில் பேசியதே அவர்தான், முருகன் என்ற பெயரை அவரே தன் வாயால் சொல்லிப் படிவத்தில் எழுத வைத்தார் என்பது அவர் கட்சி. அவர் வென்றால் இந்த அக்கா மறுபடியும் கத்தரிக்காயைக் கையால் காட்ட வேண்டியதுதான்.

சாட்சி சொல்லும் நாளில் கோர்ட்டில் கூட்டம். சந்தவாசலிலிருந்து சின்னபொண்ணு வந்திருந்தார். கடைசி பெஞ்சில் கந்தசாமி, நீலச் சட்டையில். அக்கா கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார்.

"கணவர் பெயர்?" என்றார் பெஞ்ச் கிளார்க்.

அக்கா சுவரைப் பார்த்தார். கோர்ட்டுக் காலண்டரில் சாமி படம் இல்லை. தேதி மட்டும் இருந்தது. பெஞ்ச் கிளார்க் ஆரணிக்காரர், வழக்கம்போல ஆரம்பித்தார்: "சுப்பிரமணியா, வேலுவா..."

பெரிய வக்கீல் எழுந்துவிட்டார். "யுவர் ஆனர், சாட்சிக்குப் பதிலை எடுத்துக் கொடுக்கிறார்கள்."

சட்டப்படி சரிதான். மாஜிஸ்திரேட் பெஞ்ச் கிளார்க்கை உட்காரச் சொன்னார். ஆதார் அட்டையைக் காட்டலாமா, இல்லை எழுதிக் காட்டலாமா என்று அரசு வக்கீல் கேட்டார். அது வாய் பேச முடியாத சாட்சிக்கு உள்ள சலுகை, மூன்று தாலுகாவுக்குக் குரல் கொடுக்கிறவருக்கு எப்படிப் பொருந்தும் என்று பெரிய வக்கீல் கேட்டார். அதுவும் சரிதான். எனக்கு அவரைக் கடித்துவிடலாம் போல் இருந்தது.

"அம்மா," என்றார் மாஜிஸ்திரேட், பொறுமையாக. "படிவத்தில் இருப்பது உங்கள் கணவர் பெயர் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் சரியான பெயரை நீங்களேதான் சொல்ல வேண்டும். அவசரமில்லை."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கைவிரல்கள் கூண்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து விட்டன. கடைசி பெஞ்சிலிருந்து கந்தசாமி, சொல்ல வேண்டாம், பரவாயில்லை என்பது போலக் கையை அசைத்தார். அதை அக்கா பார்த்துவிட்டார்.

சாட்சிக் கூண்டில் ஒரு மைக் இருந்தது. அக்கா அதைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். முதுகு நிமிர்ந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களின் கவனத்திற்கு. கொசப்பாளையத்தைச் சேர்ந்த, நீலச் சட்டை அணிந்த, இடது புருவத்தில் தழும்பு உள்ள, தறி நெய்யும் கந்தசாமி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகக் கோர்ட்டுக் கூண்டுக்கு அருகில் வரவும். அவரை அவருடைய மனைவி லீலா முப்பத்து நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

கந்தசாமி எழுந்தார். கோர்ட்டில் அனுமதியில்லாமல் நடக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு நேராகக் கூண்டருகே வந்து நின்றார்.

"இங்கதான் கீறேன்," என்றார்.

பெரிய வக்கீல் ஆட்சேபணை சொல்ல எழுந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து சின்னபொண்ணு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "போன்ல பேசினது இவங்க இல்லடி. அதுக்கு வெக்கமே இல்ல. சட்டுனு சொல்லிட்டுது."

மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டி அமைதி என்றார். பிறகு டைப்பிஸ்டைப் பார்த்து, "கணவர் பெயர் கந்தசாமி, பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார். அக்கா மைக்கை மறுபடியும் பழைய பக்கமே திருப்பி வைத்தார்.